நாலாவது கம்பம்

திருமூர்த்தியைப் பயந்தாங்கொள்ளி என்று, கலிபோர்னியாவில் எங்கள் லிவர்மோர் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். வேறு சிலர், கைக்கு எட்டிய கிரீன் கார்டைக் குழியில் போட்ட முட்டாள் என்கிறார்கள். இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். அந்த விஷயம் முழுக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்பதால், ஒரு தடவையாவது எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு உடுமலைப்பேட்டை. கோயமுத்தூரில் சிவில் படித்து, மஸ்கட்டில் நாலு வருஷம் பாலம் கட்டிவிட்டு, தொண்ணூற்று மூன்றில் மனைவி சாந்தியோடும் மகள் கயலோடும் இங்கே வந்து சேர்ந்தார். பிளசன்டனில் ஒரு சின்ன கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். கட்டுகிறவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். அவர் களத்தில் நிற்பார். நான் லேபில், களத்தில் மாதிரிக்காகப் பிடித்து அனுப்பும் கான்கிரீட் உருளைகளை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று எழுதுவேன். படித்த படிப்புக்கு நல்ல வேலைதான் என்று என் கணவர் சுந்தரராமன் கிண்டல் செய்வார். ஆனால் வீட்டில் விசா என் பெயரில் இருந்தது, அவர் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பதால் அந்தக் கிண்டல் ஓர் அளவோடு நிற்கும்.

திருமூர்த்தி ஒல்லி, நெட்டை, படிய வாரிய தலை. வேலையில் கறார் என்றால் அப்படி ஒரு கறார். கான்கிரீட்டில் ஒரு வாளி தண்ணீர் கூடுதல் என்று தெரிந்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார். கான்ட்ராக்டர்கள் அவருக்கு ‘மிஸ்டர் நோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இவ்வளவு கறாரான மனிதர், காருக்கு ஆயில் மாற்றவும் நல்ல நேரம் பார்ப்பார். உடுமலையிலிருந்து மச்சினன் வருஷா வருஷம் அனுப்பும் தினசரி காலண்டர் அவர் ஆபீஸ் தடுப்பில் தொங்கும். தினம் காலையில் தாளைக் கிழித்துப் படித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போடுவார். நான் மயிலாப்பூர்க்காரி, பஞ்சாங்கம் எனக்கும் புதிதல்ல. இருந்தாலும் அவரைச் சீண்டாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

தொண்ணூற்றெட்டு மே மாதம். எங்கள் பெண்கள் படிக்கப்போகும் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் மைதானத்துக்கு விளக்கு போடும் வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. எண்பதடிக் கம்பங்கள் நாலு. ஒவ்வொன்றுக்கும் பதினைந்தடி ஆழத்துக்குத் துளை போட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்ப வேண்டும். துளை போட்ட அன்றே நிரப்பிவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. திறந்து கிடக்கும் குழியை நம்பக் கூடாது. மூன்று குழிகளை அப்படித்தான் முடித்தார்கள். நாலாவதைத் தோண்டும்போது மெஷின் மக்கர் செய்து, திங்கள்கிழமை சாயங்காலம்தான் தோண்டி முடிந்தது. கான்கிரீட் லாரி செவ்வாய் காலையில் வருவதாக ஏற்பாடு.

செவ்வாய் அஷ்டமி. புதன் நவமி. அந்த வாரம்தான் வக்கீல் அவருடைய கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பத்தை அனுப்புவதாக இருந்தார். ஐந்து வருஷம் காத்திருந்து வந்த வாரம். இந்த வாரத்தில் அஷ்டமி நவமியில் எதையும் தொடாதீர்கள் என்று சாந்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“ஸ்கூல் கம்பத்துக்கு ஏது திருமூர்த்தி அஷ்டமியும் நவமியும்?” என்று கேட்டேன்.

“கம்பம் ஸ்கூலோடதுங்க்கா. கையெழுத்து என்னுதுங்களே.”

கம்பிக்கூட்டில் ஏதோ ஒரு சின்னக் குறையைச் சொல்லி, சரிசெய்த பிறகு வியாழக்கிழமை ஊற்றலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிஸ்டர் நோ சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? குழியின் மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் மே மாதத்திலும் மழை விடவில்லை. புதன்கிழமை இரவு கொட்டித் தீர்த்தது. இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், அந்தக் காலண்டர் இந்திய நேரத்துக்குப் போட்டது. எங்கள் கோயில் பஞ்சாங்கத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கலிபோர்னியாவில் நவமி புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. புதன் பகல் முழுக்க நல்ல வெயில், நல்ல திதி. அவர் உடுமலைப்பேட்டையின் நவமிக்குப் பயந்து குழியைத் திறந்து போட்டிருந்தார்.

வியாழக்கிழமை பலகையை எடுத்தபோது குழியின் பக்கங்கள் சரிந்து அடியில் சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. கம்பிக்கூட்டை வெளியே எடுத்து, மறுபடி தோண்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். கான்கிரீட் லாரி தொட்டியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊற்றாவிட்டால் அத்தனையும் வீண். ஏன் வீணானது என்று எங்கள் பாஸ், டக் என்பவர், கேட்பார். ஏன் இரண்டு நாள் தள்ளினாய் என்று அடுத்து கேட்பார். பம்பை இறக்கிக் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, ஊற்றச் சொல்லிவிட்டார் திருமூர்த்தி. ‘குழி உலர்ந்திருந்தது, அடி சுத்தமாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அந்த உருளைகளை நான்தான் உடைத்தேன். அருமையான கான்கிரீட். லாரியிலிருந்து பிடித்த மாதிரி அல்லவா? குழிக்குள் போன பிறகு அது என்ன ஆயிற்று என்பதை எந்த உருளையும் சொல்லாது.

ஜூலையில் கிரேன் வைத்துக் கம்பங்களை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் லஞ்ச் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். வெறிச்சோடிய மைதானத்தில் நாலாவது கம்பத்தின் அடியில் ஓர் ஆள் குனிந்திருந்தார். பார்த்தால் நம் ஆள்.

“என்ன திருமூர்த்தி, இந்த வெயில்ல இங்க என்ன பண்றீங்க?”

“சும்மாதானுங்க்கா.”

“சும்மா இருக்கறவர் கையில தூக்குக்குண்டு எதுக்கு?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கத்து மண் நம்மூர்க் கரிசல் மாதிரிதான், மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். கான்கிரீட்டைச் சுற்றி மண் விலகி இடைவெளி விழுந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் முழுசாகப் போயிற்று.

“ஆறடிக்குக் கால் இன்ச் சாயுதுங்க. உச்சியில எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

“கம்பம்னா கொஞ்சம் சாயத்தானே செய்யும்?”

“மத்த மூணும் சாயலீங்களே.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்தின் நேர் கீழே பலகைப் படிகள், ஊர் மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் இடம். கீழ் வரிசைகளில் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழு உட்காரும். கயல் அந்த வருஷம்தான் பேண்டில் கிளாரினெட்டுக்குச் சேர்ந்திருந்தாள். மலை இடுக்கு வழியாகத் தினமும் வரும் மத்தியானக் காற்று அப்போது தொடங்கியிருந்தது. உச்சியில் விளக்குச் சட்டம் லேசாக முனகியது.

“டக் கிட்ட போய் ரிப்போர்ட் பண்ணிடுங்க.”

“என்னன்னு சொல்றதுங்க்கா? அஷ்டமி, அதனால தள்ளிப்போட்டேன்னா? அந்தாளு மூஞ்சியில முழிக்க முடியுமுங்களா? சேத்து மேல ஊத்திட்டு காஞ்ச குழின்னு எழுதுனவனுக்கு லெட்டர் குடுப்பாருங்களா? லெட்டர் மட்டும் வரட்டும், மறுநாளே நானே சொல்லிடறேன்.”

கடிதம் என்றது, இந்த ஆள் எங்களிடம் வேலையில் இருக்கிறார் என்று குடியேற்ற அலுவலகத்துக்குக் கம்பெனி தர வேண்டிய கடிதம். அது செப்டம்பர் கடைசியில் போக வேண்டும். அவருக்கு அடுத்தபடியாக வரிசையில் இருந்தது என்னுடைய கடிதம். கம்பெனியின் பெயர் கெட்டால் யாருக்குமே கடிதம் கிடையாது.

“சரி,” என்றேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஜாதி நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கள்கிழமையும் நான் அவர் தடுப்பைத் தாண்டிப் போகும்போது, சாய்வு போன வாரத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று, பேசாமல் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்துக் காட்டுவார். ஒரு வாரம் அரிசி நுழையும் அளவு. அடுத்த வாரம் புளியங்கொட்டை நுழையும். யாராவது வந்தால் கையை இறக்கிக்கொள்வார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சாந்தி எனக்கு போன் செய்து புலம்பினாள். கிரீன் கார்டு டென்ஷன்தான், வேறொன்றும் இல்லை என்று சமாதானம் சொன்னேன்.

செப்டம்பர் பதினொன்று வெள்ளிக்கிழமை, விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம் என்று ஊரெல்லாம் தட்டி வைத்துவிட்டார்கள். விளக்கு கண்ணைக் கூசும் என்று இரண்டு வருஷம் சண்டை போட்ட அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட டிக்கெட் வாங்கியிருந்தார்கள். வெள்ளி சாயங்காலம் பலமான காற்று வீசும் என்று டிவியில் சொன்னார்கள். அந்த வாரத் திங்கள்கிழமை திருமூர்த்தி விரலைக் காட்டவில்லை. நானும் நின்று கேட்கவில்லை. காற்று வந்தால் வரட்டும், ஒரே ஒரு ஆட்டம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் பெண் ரக்ஷா மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளும் கிளாரினெட்தான். ஆனால் பேண்டில் இடமில்லை, யாராவது வராவிட்டால் போடும் உபரி ஆள். கோடை முழுக்க வீட்டில் தனியாக ஊதிக்கொண்டிருந்தவள்.

“அம்மா, கெஸ் வாட்! கயல் நாளைக்கு வரலையாம். ஐ காட் ஹெர் ஸ்பாட்!”

“ஏன் வரல?”

“ஷி இஸ் சிக், ஐ கெஸ். பட் ஷி வாஸ் ஃபைன் அட் லஞ்ச்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் தன் பெண்ணை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டார். உடனே போனை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் எனக்குத் தோன்றியது, ரக்ஷாவுக்கும் ஜுரம் என்று சொல்லிவிட்டால் என்ன என்பதுதான். உபரியில் இன்னொரு பெண் இருந்தாள். பல்லுக்குக் கம்பி போட்ட குழந்தை, எங்கள் வீட்டில் இரண்டு தடவை தோசை சாப்பிட்டிருக்கிறது. அதன் முகம் நினைவுக்கு வந்த பிறகுதான் போனை எடுத்தேன்.

“கயலுக்கு என்ன உடம்பு?”

“ஜுரமுங்க்கா.”

“பொய் சொல்லாதீங்க திருமூர்த்தி. அந்த இடத்துல நாளைக்கு என் பொண்ணு உக்காரப்போறா.”

பின்னால் கயல் அழுதுகொண்டே சாந்தியிடம் ஏதோ கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

“ரக்ஷா பேண்ட்ல இல்லீங்களே,” என்றார்.

“இப்ப இருக்கா.”

“அங்க உக்காரப்போறது யார் யாரோட குழந்தைகன்னு இத்தன நாளு நாம ரெண்டு பேருமே கேட்டுக்கலீங்க்கா,” என்றார். பிறகு, “காலையில நான் போய்ச் சொல்லிடறனுங்க. நீங்க இதுக்குள்ள வராதீங்க,” என்று வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டார். எட்டு மணிக்கு டக்கின் அறைக்குள் போனவர் பத்து மணிக்கு வெளியே வந்தார். மத்தியானத்துக்குள் மைதானத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். ஆட்டம் ரத்து. சாயங்காலம் டிவியில் சொன்னபடியே காற்று வந்தது. நான் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மைல் கணக்கில் தள்ளியிருக்கும் மைதானத்திலிருந்து சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பம் விழவில்லை.

அடுத்த வாரம் கிரேனால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றித் தோண்டினார்கள். கீழே ஐந்தடிக்கு கான்கிரீட் என்று சொல்ல ஒன்றுமில்லை. சேறும் கல்லும் கலந்த ஏதோ ஒன்று, கையால் பிசைந்தால் உதிர்ந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க நின்றிருக்கலாம், அடுத்த காற்றிலேயே போயிருக்கலாம் என்றார் வெளியிலிருந்து வந்த என்ஜினீயர்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டக்கும் பள்ளிக்கூடத்து வக்கீலும் மேசைக்கு அந்தப் பக்கம். உருளை ரிப்போர்ட்டுகளோடு நான் திருமூர்த்தியின் பக்கத்தில். ஏன் இரண்டு நாள் தள்ளினாய் என்று கேட்டார்கள். அஷ்டமி, நவமி என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். யாரும் சிரிக்கவில்லை. அவர் இத்தனை மாதம் பயந்த கேள்வி அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு வக்கீல், இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

“யாருக்கும் தெரியாது,” என்றார் திருமூர்த்தி.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியாது என்றேன்.

அவரை அன்றே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாவும் அதோடு போயிற்று. என் கடிதம் நவம்பரில் வந்தது.

அதற்கு முன்னால், அக்டோபரில், அவர்களை சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது நான்தான். மற்ற குடும்பங்கள் எல்லாம் விலகிக்கொண்டுவிட்டன. திருமூர்த்தி பெட்டிகளை இறக்கி வண்டியில் அடுக்கினார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாந்தி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அத்தனை பேரும் கைவிட்டுட்டாங்க. நீங்க ஒருத்தருதானுங்க்கா எங்கள விட்டுக்குடுக்கல,” என்றாள்.

ஃப்ளைட்டுக்கு நேரமாயிற்று, உள்ளே போங்கள் என்றேன்.