வழுக்காமல் நின்ற மேட்

இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. போன ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் 12.35-க்கு ஆரம்பித்தது. வேல்ராஜ் இன்றைக்கும் நிமிஷம் மாறாமல் சொல்கிறார்.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஜெய்னுலாபுதீனின் பைபர் படகுப் பட்டறையில் அவருக்கு வேலை. படகின் உருவத்தில் குழிவாக ஒரு மோல்டு, அதாவது அச்சு, இருக்கும். அதற்குள் இறங்கி, சுவரில் 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை வைத்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி, ரோலரால் அழுத்த வேண்டும். காய்ந்த படகு மோல்டைவிட்டுக் கழன்று வர வேண்டுமே, அதற்காக முதலிலேயே மெழுகு பூசிப் பளபளக்கத் தேய்த்திருப்பார்கள். ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். அதனால் ஒருவர் மேட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தடவுவார். பிடிக்கிற ஆள் சஃபீர்.

அன்றைக்கு வேல்ராஜ் கிழமையை மறந்துவிட்டார். வாளி ரெசினில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கிய நேரம்… பள்ளிவாசலில் பாங்கு.

"அண்ணே, இன்னைக்கு ஜும்மாண்ணே! ஊத்திட்டீங்களே!"

"ஏலே, காலைலயே சொல்லக்கூடாதா?"

"வெள்ளிக்கிழமைய நான் சொல்லித்தான் தெரியணுமாக்கும். ரெண்டு கை இருக்குல்ல? பத்தலைன்னா வாயால பிடிங்க."

சிரித்துக்கொண்டே தொழுகைக்கு ஓடினான்.

அந்த வெயிலில் வாளி இருபது நிமிஷம் தாங்கும். பிறகு சூடேறிக் கல்லாக இறுகிவிடும். முந்தைய வாரம் ஒரு வாளி அப்படித்தான் போனது. இன்னொரு வாளி கெட்டால் வேறு பட்டறை பார்த்துக்கொள் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

12.41. வேல்ராஜ் தனியாக மோல்டுக்குள் இறங்கினார். வலது பக்கச் சுவர். முதல் மேட்டை வைத்தார். சரிந்தது. தோளால் முட்டுக்கொடுத்தார். சரிந்தது. மூன்றாவது தடவை வைத்துவிட்டு, ரோலரை எடுக்கக் குனிந்தார்.

நிமிர்ந்தபோது மேட் நின்றது.

ஒரு சொட்டு ரெசின் படவில்லை. வெறும் மெழுகின் மேல், சுருக்கமில்லாமல், யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி…

பிழைத்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அவசரமாகத் தடவினார். ரெசினைக் குடித்தால் வெள்ளை மேட் கண்ணாடி போல ஆகிவிடும். பின்னால் மோல்டின் பச்சை தெரியும்.

12.48. பச்சை தெரிந்தது.

ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. காற்று அடைத்திருக்கும் என்று ரோலரை ஓட்டினார்.

டொக்… டொக்… டொக்… டொக்.

நாலு புடைப்பு. பக்கத்துப் பக்கத்தில்.

உற்றுப் பார்த்தார்.

இரண்டு உள்ளங்கைகள். மேட்டுக்கும் மோல்டுக்கும் நடுவே, அவரைப் பார்த்து. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்து, சுருங்கி…

வாளி சுட ஆரம்பித்தது. இப்போது ஓடினால் வேலை போகும். கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மேட்டை வைத்தார்.

அதுவும் நின்றது.

12.53. கர்ர்ர்… மெழுகில் நகம் இழுபடும் சத்தம். கைகள் இந்த மேட்டுக்கு நகர்ந்து வந்திருந்தன.

ரோலரை வைத்தார்.

எடுக்க வரவில்லை.

"விடு…" என்று முனகினார்.

மேட்டோடு சேர்த்து ரோலரைப் பற்றியிருந்த பிடி இறுகியது.

1.25-க்கு சஃபீர் வந்தபோது வேல்ராஜ் ரோட்டோரம், உடைமர நிழலில், ரோலரை அப்படியே விட்டு ஓடிவந்து உட்கார்ந்திருந்தார். சஃபீர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பத்து மேட்டும் ஒட்டிட்டீங்களேண்ணே! ஒரு குமிழி இல்ல. வாளியும் காலி."

வேல்ராஜ் வைத்தது இரண்டு.

சாயங்காலம் முதலாளியிடம் கேட்டார். "இந்த மோல்டு எந்தப் படக வச்சு அச்சு எடுத்தது மொதலாளி?"

"கவுந்து கரை ஒதுங்குன படகுப்பா. கட்டு நல்லாருந்துச்சு, தொடச்சு அது மேலயே எடுத்தோம்." ஜெய்னுலாபுதீன் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டிப்போன ஆளும் பொணமா அதோடதான் வந்தாரு. இடுப்புல கயித்தக் கட்டி, வலது பக்கத்துல ரெண்டு கையையும் பதிச்சு… மௌத்தாகி ரெண்டு நாளாம். அந்தக் கைய எடுக்கத்தான் பெரும்பாடு."

வேல்ராஜ் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுல இதுவரைக்கும் எத்தன படகு எறக்கிருக்கோம்?"

"பதினொன்னு. எல்லாம் இப்பக் கடல்லதான்."