போயிந்தி

எங்கள் ஹாலில் அடிக்கடி கேட்கும் சொல் அது. தெலுங்கில் "போய்விட்டது" என்று அர்த்தம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பார்சல் கம்பெனிக்கு புக்கிங் டைப் செய்யப் போவேன். கடைக்காரர்கள் போனில் சொல்லச் சொல்ல, அனுப்புகிறவர், பெறுகிறவர், சரக்கு என்று பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டும். உள்ளே ஏ.சி. அறையில் இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எங்களை அடையாளம் தெரியாது. பாதி எழுதியதை விழுங்கிவிட்டு, பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று முதலிலிருந்து கேட்கும். உடனே ஹால் முழுக்க "போயிந்தி!" என்று கூச்சல்.

நான் மட்டும் கத்தமாட்டேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். போனில் முகம் தெரியாதவர்களிடம் பேசிவிடுவேன். நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது.

இப்படியே நடந்தால் புக்கிங் வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. கடைசியாக ஒரு சோதனை. பெரிய அதிகாரி வந்து உட்காருவார். நாங்கள் டைப் செய்யும்போதே ஓடுகிற சர்வரை நிறுத்துவார்கள். ஒருவருக்கு இணைப்பு அறுந்தாலும் எங்கள் எல்லோருக்கும் வேலை இல்லை.

சாஃப்ட்வேரைத் திருத்தியவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர்.

"அக்கா, இப்ப யாரு எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு ரெண்டு மெஷினுக்கும் தெரியுமுங்க. நீங்க பாட்டுக்கு அடிங்க."

"ஹவ், ஆமா தம்பி, போன தடவையும் இதேதான் சொன்னீங்க" என்றேன். அவரிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

அதிகாரி தாமதமாக வந்தார். சோதனை எங்கள் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் தள்ளிப்போனது. நான் மௌலா அலியில் இருக்கும் ஒரு கடையின் தையல் மிஷின் பார்சலை எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி உள்ளேயிருந்து தலையை நீட்டினார்: "நிறுத்தியாச்சுங்க சார்."

என்டரைத் தட்டினேன். சின்ன மணல் கடிகாரம் திரையில் சுழன்றது. நின்றது. அடுத்த பக்கம் வந்தது, மேலே கடைக்காரர் பெயரோடு! ஹாலில் விரல்களின் சத்தம் மட்டும்.

அப்போது பக்கத்து சீட்டுக்காரி கத்தினாள்: "அய்யோ, போயிந்தி!"

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தம்பி சுவரில் சாய்ந்துவிட்டார். நான் அவள் திரையை எட்டிப் பார்த்தேன். பக்கம் அப்படியே இருந்தது. அவள் பார்த்தது ஜன்னலுக்கு வெளியே. போலாரம் போகிற கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

தான் சொன்னது மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டது என்று புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியோ, போதும் என்பதுபோல் கையை உயர்த்தினார்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியாது.

"பஸ் சார்! பஸ் போயிந்தி! சர்வர் நை! இங்க எல்லாம் அப்டியே இருக்கு!"

தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் கலந்து வந்தது. அதிகாரி சீட் சீட்டாக நடந்து பார்த்தார். எல்லாத் திரைகளும் உயிரோடு இருந்தன. அவர் சிரிக்க ஆரம்பித்ததும் ஹாலே மேஜையைத் தட்டியது.

"அக்கா, உங்களுக்கு இவ்ளோ சத்தம் வருமாங்க?" என்றார் தம்பி.

அதிகாரி தன் காரிலேயே என்னையும் பக்கத்து சீட்டுக்காரியையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். போலாரத்துக்காரி முன்சீட்டில் மகாராணிபோல உட்கார்ந்து, "தினம் பஸ் போனா நல்லாருக்கும்" என்று தெலுங்கில் சொன்னாள்.

வேலை ஊர் மாறவில்லை. சில வாரம் கழித்து ஒரு சர்வர் நிஜமாகவே படுத்தது. தம்பி வியர்க்க ஓடிவந்தார்.

"அக்கா, ஒண்ணு போயிருச்சுங்க! ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"நக்கோ தம்பி, இப்ப வேணாம், அப்புறம் வாங்க" என்றேன், டைப் செய்வதை நிறுத்தாமல். "பார்ட்டி லைன்ல இருக்காங்க."