காணாமல்போன பிள்ளையின் பெயரைக் கேட்டவர்

பரீதா அக்கா இறந்த செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "அதிர்ச்சி! கரிக்கலாம்பாக்கம் ஜெராக்ஸ் கடை பெண்மணி திடீர் மரணம்" என்று சிவப்பு எழுத்தில் யாரோ போட்டிருந்தார்கள். நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வரும் எதையும் நான் நம்புவதில்லை. அக்காவின் தம்பிக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, காலைல மௌத் ஆயிட்டாங்க. மாரடைப்பு. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் ஆதார் நகல் எடுத்தவர்கள், தாசில்தாருக்கு மனு அடித்து வாங்கியவர்கள். உங்களில் சிலர் அன்றைக்கு அவர் கடை ஷட்டருக்கு வெளியே நின்றவர்கள். நான் உள்ளே இருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்துக்கொண்டே, ஒரு சிறிய யூடியூப் செய்திச் சேனலுக்குக் குரல் கொடுத்துவந்தேன். அதை நடத்தியவர் எழுதி அனுப்புவதை அக்கா கடையில் அச்செடுத்துக்கொண்டு போய்ப் படிப்பேன். ஒருநாள் காலை வந்த தாளின் தலைப்பு, "நம் பகுதியில் குழந்தை கடத்தும் கும்பல்?" என்றிருந்தது. அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கேள்விக்குறிய எப்பிடிடி வாயால படிப்ப?"

"அது சும்மாக்கா. கேஸ் கீஸ் வராம இருக்கப் போடறது."

"அப்ப அது உங்களுக்குப் பாதுகாப்பு. கேக்கறவங்களுக்கு இன்னா பாதுகாப்பு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்று நன்றாகப் படித்தேன். குரலைத் தாழ்த்தி, 'பெற்றோர்களே' என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, 'போர்வை விற்பவர்கள் போல வருகிறார்கள்' என்பதை மெதுவாகச் சொன்னேன். சேனல்காரர் கைதட்டினார்.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினோரு மணி இருக்கும். நான் கடையில் ஒரு தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தோளில் போர்வைக் கட்டுடன் ஒரு வடநாட்டுக்காரர் ஓடிவந்து உள்ளே விழுந்தார். நெற்றியில் ரத்தம். அவருக்குப் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எட்டி ஷட்டரை இழுத்துக் கீழே இறக்கினார். உள்பக்கம் தாழ் கிடையாது. அடிப்பட்டையை நானும் அக்காவும் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டோம். ஒரு கையால் அக்கா போலீசுக்குப் போன் போட்டார்.

அந்தக் கடை எட்டடிக்குப் பத்தடி. வேறு வழியோ ஜன்னலோ இல்லை. ஷட்டரைத் தட்டும் சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. "அவன வெளிய வுடு! இல்லன்னா கடையக் கொளுத்திடுவோம்!" என்று கத்தியவர் யாரென்று எனக்குத் தெரிந்தது. என் அப்பாவோடு கரும்பு வெட்டப் போகிறவர்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும்தான்டி. கால எடுத்துடாத."

அப்போதுதான் வெளியே யாரோ போனில் அந்த வீடியோவைச் சத்தமாக வைத்தார்கள். "பெற்றோர்களே…" என்று என் குரல் கேட்டது. பிறகு இன்னொரு போனில், இன்னொன்றில். கூட்டத்துக்குத் தைரியம் கொடுப்பது போல நான் வெளியே பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே நானே நடுங்கிக்கொண்டிருந்தேன். போர்வைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

பிறகு அவர் ஷட்டரில் வாயை வைத்துக் கத்தினார்: "காணாமப்போன புள்ள பேரு இன்னா? யாரு வூட்டுப் புள்ள? ஒரு பேரு சொல்லுங்க, தொறக்கறேன்!"

வெளியே சத்தம் சட்டென்று அடங்கியது. ஒருவரிடமும் பெயர் இல்லை. "ஸ்கூலுக்குப் போன் போட்டுக் கேளுங்கப்பா! எல்லாம் கிளாஸ்ல ஒக்காந்துனு இருக்கும்!" என்றார் அக்கா. சிலர் போன் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு கல் வந்து ஷட்டரில் விழுந்தது. ஆனால் அதற்கப்புறம் கொளுத்துவதாக யாரும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து போலீஸ் ஜீப் வந்தது. போர்வைக்காரரை ஏற்றிப் போனார்கள். கும்பிட்ட கையோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

போர்வைக்காரர் தப்பித்தார். அக்கா மாட்டிக்கொண்டார். 'கடத்தல்காரனுக்குக் கதவு திறந்தவ' என்று பேச்சு கிளம்பியது. அவர் சார்ந்த மதத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்கு யாரும் வரவில்லை. மறுப்பு வீடியோ போடச் சொல்லி நான் சேனல்காரரிடம் அழுதேன். "கேள்விக்குறி போட்டுதானம்மா சொன்னோம்" என்றார். அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா தினமும் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து, வெறுமனே உட்கார்ந்திருந்தார். "தம்பி வூட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வாயேன்க்கா" என்றேன். "நான் போயிட்டா அது உண்மைன்னு ஆயிடும்டி" என்றார். பள்ளிச் சேர்க்கை தொடங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் நகல் கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்தார். பழையபடி சிரித்து அவர் பேசியதை மட்டும் அப்புறம் நான் பார்க்கவில்லை.

என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். இறுதியாண்டு ஆய்வுக்கு, சேனலில் நான் படித்த அந்தத் தாளையே எடுத்து அலசினேன். அதில் ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, நாள் இல்லை. 'நம் பகுதி' மட்டும் இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு ஊரும் அதைத் தன் ஊராகக் கேட்டது. நல்ல மதிப்பெண் வந்தது. அக்காவிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கற. இதப் படிச்சது நீதான்னு எங்கியுமே எழுதலியே" என்றார். அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் அந்த வீடியோ மறுபடி வந்தது. இந்த முறை மணப்பட்டு என்று ஒரு மீனவ ஊரின் பெயரை மேலே ஒட்டியிருந்தார்கள். பஸ் ஏறி அங்கே போனேன். மீன் ஏலம் முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, அதைப் படித்தது நான்தான், அது பொய் என்றேன். "அந்தப் பொண்ணு குரல் கெட்டியா இருக்குது. நீ இன்னாமோ கீச்சுகீச்சுன்னு பேசற" என்று சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் அதே குரலில் முதல் வரியைச் சொல்லிக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு பெண் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "பொய்யின்னு சொல்லிட்ட, சரி. பயம் வந்துடுச்சே, அத இன்னா பண்றது?" என்றாள். அவள் மகள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

அது சொல்லிப் போகிற பயமில்லை. பள்ளி விட்டு அந்தப் பிள்ளை நடந்து வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான்: எழுந்து போய்விடாமல் இருப்பது.