என் சோற்றுக்கு வந்த மீன்களை எண்ணிய மிசின்

இந்த நாட்டுக் குசினிகளில் மூலையில் ஒரு வாளி இருக்கும். காலால் மிதித்தால் வாயைத் திறக்கும். சாப்பிட்ட பீங்கானை அதன் முன் கொண்டுபோய், மிஞ்சிய சோற்றைக் கரண்டியால் வழித்துப் போடுவார்கள். கோழித்தோல், தேயிலைச் சக்கை, மூக்குத் துடைத்த தாள் எல்லாவற்றோடும் சோறும் போகும். எண்பதுகளின் நடுவில் நான் கனடாவுக்கு வந்தபோது குளிரைவிட என்னைக் கூடுதலாக உலுப்பியது இந்த வாளிதான். குளிருக்குப் போட ஸ்வெட்டர் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

கல்முனையில் எங்கள் வீட்டுச் சோறு குப்பைக்குப் போனதில்லை. அது அல்லாஹ் தந்த றிஸ்க், நம் பங்குக்கு வந்த உணவு. மிஞ்சியதைக் கோழி தின்னும். கோழி விட்டதைப் பின்னால் கிடக்கும் தோணாவில் போடுவோம். தோணா என்பது கடலுக்குப் பக்கத்தில் தேங்கி நிற்கும் நீளமான தண்ணீர். மாரியில் கடலோடு போய்ச் சேரும், மற்றக் காலத்தில் போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் கிடக்கும். பிஸ்மி சொல்லிச் சோற்றைப் போட்டால் குஞ்சு மீன்கள் ஓடி வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

என் மகன் நியாஸ் மீனைப் பற்றிப் படித்தவன். கடலோரத்தில் பிறந்தவன் மீனைப் பற்றிப் படிக்க இத்தனை கடல் தாண்டியது எனக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான். கோடை காலத்தில் ஆற்றங்கரை மரக்குடிலில் தங்கி, கடலிலிருந்து ஏறிவரும் சால்மனை, நாங்கள் செமன் என்று சொல்லும் மீனை, எண்ணுவது அவன் வேலை. எங்களூரில் செமன் தகரத்துக்குள்தான் பிறக்கும். அது தகரமில்லாமல் நீந்துவதை இங்கேதான் கண்டேன். ஒரு கிழமை, ஏழு நாளும் பாண் ரொட்டியையே தின்று மகன் பாண் நிறத்துக்கே வந்துவிட்டான் என்று மருமகள் சொன்னதால், சமைத்துக்கொடுக்க நானும் குடிலுக்குப் போனேன்.

எண்ணுகிறவன் அவனல்ல, ஒரு பெட்டி. தண்ணீருக்கடியில் கிடக்கும் கருவி ஒரு சத்தத்தை ஆற்றுக்குள் அனுப்பும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். அது மீனில் பட்டுத் திரும்பி வந்தால், குடிலுக்குள் ஓடும் தாளில் ஒரு கோடு விழும். அதற்குச் சோனார் என்று பெயர். என் மாப்பிள்ளை, நியாஸின் வாப்பா, கரைவலைக்காரர். துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, காம்பைக் காதில் வைத்து, "சூரை மீன் கதைக்குது" என்பார். ஒருநாள் அவர் பேச்சை நம்பி முப்பது பேர் இழுத்த வலையில் மடிநிறையச் சொறிமுட்டை என்ற ஜெல்லிமீன்தான் வந்தது. ஒரு மாதம் எல்லாருக்கும் கை அரித்தது. அதனால் சத்தத்தை நம்பி மீன் எண்ணுகிறவர்களை எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்.

ஆனால் இந்தத் தாளை நம்பித்தான் ஆற்றின் வாயில் படகுகள் காத்து நின்றன. மேலே போகிற மீன் போதும் என்று தாள் சொன்னால் வலை போட விடுவார்கள். போதாதென்றால் அந்த வருடம் வலை காயும். மார்த்தா என்ற பெண்ணுக்கு அப்படியொரு படகு இருந்தது. புருசனுக்கு முதுகு வருத்தம், படகு அவள் கையில். ஒவ்வொரு நாளும் வந்து, "எத்தனை?" என்பாள். நான் தேநீர் கொடுப்பேன். என் இங்கிலீசும் அவள் பொறுமையும் ஒரே அளவு என்பதால் ஒத்துப்போனோம்.

முதற்கிழமை, நான் வருமுன், எண்ணிக்கை மெலிந்து கிடந்தது. நான் வந்த இரண்டாம் கிழமை ஏறத் தொடங்கியது. அதிகாரி வால்டர் தொலைபேசியில் நியாஸைப் பாராட்டினார். அவன் வேலை தற்காலிகம், இந்தக் கோடை சரிவந்தால் நிரந்தரமாகும். திங்கட்கிழமை வலை போடலாம் என்ற கதை பரவ, மார்த்தா வலையைப் படகில் ஏற்றிவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் வந்த ராசி என்று நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அன்று பகல் சோறு தின்னும்போது நியாஸ் சொன்னான்.

"இந்த மீன் ஆத்துக்குள்ள வந்த பொறகு ஒண்டும் தின்னாது உம்மா. முட்டை போடுற வரைக்கும் பட்டினி."

"நோன்பு புடிக்கிற மீனா? நம்மட ஊருல சில பேர விட நல்ல மீன்."

அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப என்ட சோத்த ஆரு மனே தின்ற?"

"எந்தச் சோறு?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். காலில் சேறு படாமலிருக்க, தண்ணீருக்கு மேல் போட்டிருந்த பலகையின் நுனியில் நின்றுதான் தினமும் மிஞ்சிய சோற்றைப் போட்டேன். கருவி கிடந்ததும் அந்தப் பலகைக்கு நேர் கீழேதான்.

நியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். "இது ஆத்துலயே கிடக்கிற மீன் உம்மா. ஒங்கட சோத்துக்குக் கிறுகிக் கிறுகி வருது. ஒரு மீன் பத்துத் தரம் வந்தா, மிசின் பத்து மீன் எண்டு எண்ணும்."

பலகையில் குந்தித் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல, "ஆருக்கும் தெரியாது. நாளைலருந்து போடாதீங்க" என்றான்.

"இனி நான் போடமாட்டன். ஆனா எண்ணினது எண்ணினதுதானே? இல்லாத மீன நம்பி வல போட்டா, இரிக்கிற மீனெல்லாம் போயிரும். ஒன்ட வாப்பாட சொறிமுட்டைக்குக் கைதான் அரிச்சிச்சு. இதுக்கு ஆறே காலியாகும் மகன்."

"என்ட வேல போனா?"

"போனா ஊருக்குப் போவம். துடுப்பு இரிக்கு."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் எழும்பிப்போய்த் தொலைபேசியை எடுத்தான்.

மறுநாள் காலை வால்டர் வந்தார். உயரமான மனிதர், வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார். ஆற்றில் சோறு போட்டேன் என்றதும், இங்கே யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அவர்கள் நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண் இருவர் தலையிலும் அரிசி எறிவார்களாம்.

"நம்மட ஊருல கலியாணச் சோறு வாய்க்குள்ள போறது, தலையில இல்ல எண்டு சொல்லு மகன்" என்றேன். நியாஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. மரியாதையான பிள்ளை.

வால்டர் என்னை ஒரு பிடி சோறு போடச் சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தார். கோடுகள் பொலபொலவென்று விழுந்தன. திங்கட்கிழமை வலை இல்லை என்றார்.

மார்த்தாவிடம் நானே போய்ச் சொல்வேன் என்று பிடிவாதமாக நின்றேன். நியாஸ் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் முகம் கல்லானது. ஏற்றிய வலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையால் என்னை விலக்கிவிட்டுக் குடிலை நோக்கி நடந்தாள். வால்டரை அடிப்பதற்குப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் வால்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எண்ணுங்கள், நானும் பார்க்கிறேன்" என்றாளாம்.

முழுக் கிழமைத் தாளையும் நிலத்தில் விரித்தார்கள். கடலிலிருந்து வந்து நேரே போகிற மீன் சின்னச் சாய்கோடு. சோற்றுக்கு நிற்கிற மீன் நீளமாக இழுபட்ட கோடு. வால்டர் நீளக் கோடுகளைக் கணக்கிலிருந்து அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் மார்த்தா சண்டை பிடித்தாள், பாதிக்குத் தோற்றாள். பின்னேரம் கணக்கு முடிந்தது. போதாது. இன்னும் ஒரு கிழமை பார்க்கவேண்டும். நியாஸின் வேலை போயிற்று என்றே நான் நினைத்தேன். வால்டர் வாகனத்திலிருந்து அடுத்த மாதத்துக்கான தாள் உருளைகளை இறக்கி நியாஸின் கையில் கொடுத்தார்.

கடைசியாக ஒரு கோடு மட்டும் பாக்கி கிடந்தது. சாய்ந்து மேலே போகிறது, கொஞ்சம் நீளுகிறது, கீழே திரும்புகிறது, மறுபடியும் மேலே சாய்கிறது. வால்டரின் பென்சில் அதற்கு மேலேயே நின்றது. குடிலுக்குள் வந்தபின் முதல்முறையாக மார்த்தா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்; நியாஸ் சொன்னான்.

"இது ஒங்கட மீனா, தன்ட மீனா எண்டு கேக்கிறா உம்மா."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"அதுக்கே இன்னும் தெரியா போல. கொஞ்சம் அவகாசம் குடுக்கச் சொல்லு."

இந்த முறை நியாஸ் மொழிபெயர்த்தான். மார்த்தா மூக்கால் சிரித்தாள். வால்டர் அதை அடிக்கவும் இல்லை, எண்ணவும் இல்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாளைச் சுருட்டினார்.