பினாங்கு மாத்திரை

மாத்திரை விழுங்கத் தண்ணீர் கேட்டு வருகிற பெண்களுக்கு ஏகப்பன் லேசில் தம்ளரைக் கொடுத்துவிட மாட்டார். பள்ளத்தூரில் பஸ் நிற்குமிடத்தில் அவருக்கு ஒரு சோப்பு, சீப்புக் கடை. "ஆச்சி, முழுகாம இருக்கீகளா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். ஆம்பளை கேட்கிற கேள்வியா இது? சிலர் முறைப்பார்கள், சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும். "டாக்டர் குடுத்ததா, நீங்களா வாங்குனீகளா?" என்பது அடுத்தது. பதில் சரியாக வராவிட்டால் தண்ணீர் கிடையாது.

மற்ற நேரமெல்லாம் மனிதர் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டார். வெயில் கடைக்குள் வந்து, சற்று உட்கார்ந்து, எழுந்து போவதுகூட அவருக்குத் தெரியாது. கண் திறந்தபடியே கனவு வரும்: பினாங்குக் கப்பல், பச்சைத் தண்ணீர், அதற்குள்ளே முகம் தெரியாத ஒரு பிள்ளை கையை வீசி வீசி நீந்திப் போகும். நல்ல கனவுதான். விழித்தால்தான் தொல்லை.

அறுபத்தொன்றில் பினாங்கிலிருந்து திரும்பியபோது பிஸ்கட் டின், சென்ட், குடை என்று பங்காளி வீடுகளுக்கெல்லாம் சாமான் கொண்டுவந்தார். கூடவே ஒரு சீசா மாத்திரை. தூக்கம் வரும், குமட்டல் நிற்கும் என்று அங்கே சொன்னார்கள். கடல் தாண்டி வந்த சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஊர் இது. மசக்கையில் துவண்டு கிடந்த மனைவி சீதைக்குத் தாமே எடுத்துக் கொடுத்தார். பிறந்த மகள் தேனம்மைக்குத் தோளிலிருந்தே விரல்கள் முளைத்திருந்தன.

கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள் என்று ஊர் சீதையைப் பிடித்துக்கொண்டது. மதுரை டாக்டர் ஒருவர்தான் சீசாவை வாங்கிப் பார்த்து, கருவிலிருக்கும் பிள்ளையின் கை கால்களை இந்த மாத்திரை கெடுத்துவிடும் என்றார். அன்றிலிருந்து ஏகப்பன் கல்யாண வீடு, காரிய வீடு என்று பார்ப்பதில்லை. "கிரகணமெல்லாம் ஒண்ணுமில்ல. நாந்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிடுவார். கேட்பவர்களுக்குத்தான் சங்கடம்.

தேனம்மைக்கு இப்போது எட்டு வயது. கால் விரலில் பென்சில் பிடித்து எழுதுவாள். வாய்த்துடுக்கும் ஜாஸ்தி. "அப்பச்சி, அவுக சோப்புல்ல கேட்டாக!" என்று தகப்பனைக் கனவிலிருந்து எழுப்பிவிடுவதும் அவள்தான். இத்தனை வருஷம் கழித்துச் சீதை மறுபடி முழுகாமல் இருக்கிறாள். அதே மசக்கை. பாவம், கஞ்சித்தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஏகப்பன் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நேற்றுச் சாயங்காலம் பாயில் சுருண்டு கிடந்த சீதை, "முடியலையே. ஏதாச்சும் குடுங்களேன்" என்றாள்.

"டாக்டரைக் கேட்டுட்டேன் சீதை. இப்போதைக்கு எதுவும் வேணாம்னுட்டாரு."

"இந்தப் புள்ளைக்கும் அப்பிடி ஆயிருச்சுன்னா?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஏகப்பன் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து, அவள் வாய்க்குக் கீழே ஏந்தினார்.