குடமுருட்டி அணியின் நட்சத்திரங்கள்

யாராவது சிரித்துக்கொண்டே ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அம்சவல்லிக்கு முகம் இறுகிவிடும். பாத்திரக் கடையில் குக்கர் வாங்கியபோது ஒரு கரண்டி இலவசம் என்றார்கள். கரண்டியை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டவள், குக்கரைப் பிரித்து அங்கேயே தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தாள். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத்தான் மானம் போனது. அவளுக்கு ஒன்றும் போகவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருமுனையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அவள் வீடு என் வீட்டுக்கு எதிர் வரிசை. புருஷன் சாமிதுரை அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், வருஷத்தில் பாதி வெளி ஜில்லாவில் கிடப்பார். அம்சவல்லி நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். குறுவை, சம்பா என்று நாற்று தயாரானதும் வயல்காரர்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். அவள் கேட்கிற கேள்விகளைத் தாங்க முடியாதவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

ஒருமுறை சிங்காரவேலு வயலில் நடவு. அவர் விடிந்ததும் விடியாததுமாக வண்டியில் சூடான போண்டாவும் டீயும் கொண்டுவந்து வரப்பில் வைத்து, சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள் என்றாராம். வேலை முடிவதற்கு முன் எந்த மிராசுதாரர் போண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார்? அம்சவல்லி போண்டா பக்கம் திரும்பவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு வயலில் இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தாள். சேறு சரியாக அடிக்காமல் உள்ளே கட்டி கட்டியாகக் கிடந்தது. அதில் நட்டால் விரல் நகம் பெயர்ந்துவிடும். மறுபடி டிராக்டர் விட்டு உழுத பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். அதற்குள் போண்டா ஆறிப்போயிருந்தது.

இப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும்.

அவள் மகள் எழில்மொழி உள்ளூரில் அஞ்சாவது முடித்து, டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்ந்திருந்தாள். வாயாடி. என் கடையில் வந்து உட்கார்ந்தால் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுவாள். அவளுக்கு யூனிபார்ம் தைத்தது நான்தான் என்பதால் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள் அம்சவல்லி. எதையாவது எழுதிக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்க்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமாம்.

வகுப்பாசிரியை பூர்ணிமா டீச்சர் சின்ன வயசு, அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர். புதிதாக வந்த பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பெரிய அட்டையில் வண்ண எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். மணி அடித்ததும் இடத்தில் இருக்க வேண்டும். கை தூக்கிவிட்டுப் பேச வேண்டும். பாடம் நடக்கும்போது வெளியே போகக் கூடாது. ஒருவர் பொருளை ஒருவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. பிள்ளைகளை வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஆற்றுப் பெயர் வைத்து அணிகளாகப் பிரித்திருந்தார். ஒழுங்காக இருந்தால் அணிக்கு நட்சத்திரம். யாராவது ஒருவர் தவறினாலும் அணிக்கு ஒன்று குறையும். அதிக நட்சத்திரம் வாங்கும் அணிக்குச் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், அரைப்பரீட்சை முடிந்ததும் திருச்சி கோளரங்கத்துக்குச் சுற்றுலா.

எல்லோரும் தலையாட்டினோம். அம்சவல்லி எழுந்து நின்றாள்.

"ஒழுங்கா இருக்கறதுக்குப் பரிசு எதுக்குங்க டீச்சர்? ஒழுங்கா இல்லேன்னா கண்டிங்க. நாங்களும் கண்டிக்கிறோம். பரிசு குடுத்தீங்கன்னா உங்களுக்கு அதுல என்னங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்கு அமைதியான கிளாஸ் கிடைக்கும்மா. புள்ளைங்களும் அடி வாங்காம பழகிக்குவாங்க."

"அடி இல்லேங்கறது நல்லதுதாங்க" என்று உட்கார்ந்தாள். வீடு வரும் வழியெல்லாம், அந்தப் பெண் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது, அதனால்தான் யோசனையாக இருக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பதா எரிந்து விழுவதா என்று தெரியவில்லை.

நட்சத்திரங்கள் வர ஆரம்பித்தன. எழில்மொழி குடமுருட்டி அணி. ஆடி பிறப்பதற்குள் சட்டையில் பேட்ஜோடு வந்துவிட்டாள். வேறொருத்தியாக இருந்தால் தெருவெல்லாம் காட்டியிருப்பாள். அம்சவல்லி பேட்ஜைக் கழற்றி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "எதுக்குக் குடுத்தாங்க?" என்றாள். நல்லா நடந்துக்கிட்டதுக்கு என்றாள் மகள். "அப்படி என்ன நடந்துக்கிட்டே?" என்று இவள் விடவில்லை. பிள்ளை பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டது.

அதுதான் எனக்கும் உறுத்தியது. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிற பிள்ளை அது. இப்போது கடைக்கு வந்தால் ஸ்டூலில் காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்தில் போட்டதால் பதவிசு வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அம்சவல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து மகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் மகளின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க. காலையில நான் ரொப்பிக் குடுத்தது அப்படியே வருது. நேத்தும் இப்படித்தான். கேட்டா தாகமே எடுக்கலேங்கறா."

"மறந்திருக்கும்."

"வெயில் கொளுத்துது. தாகத்தை மறப்பாங்களா?"

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம், தண்ணீர் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வரும். எங்கள் அம்மா காலத்தில் எங்களுக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொண்டே எங்கேயாவது செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். பிள்ளையைக் குடிக்காதே என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்று அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வாரமே எழில்மொழிக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, நீர்த்தாரையில் கிருமி, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை, அடக்கி அடக்கியும் வைத்திருக்கிறது, இப்படியே விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும் என்றார். எத்தனை கேட்டும் பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"டி.சி. வாங்கிடப் போறேங்க்கா" என்றாள் வெளியே வந்ததும். "எங்க படிச்சாலும் படிப்புதான். எம் புள்ளைய எவளோ மிரட்டி வச்சிருக்கா. அவ யாருன்னு பாத்துட்டு வாங்கிடறேன்."

காய்ச்சல் விட்டதும் மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனாள். டீச்சரிடம் போவதற்கு முன் கழிப்பறைக்குப் போனாள். இரண்டே அறைதான் என்றாலும் கழுவி விட்டிருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. குழாயடிக்குப் போனாள். பிள்ளைகள் யார் எவர் என்றில்லாமல் ஒரே குழாயில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லியும் குனிந்து குடித்துவிட்டு நிமிர்ந்து, யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். சத்துணவு ஆயா, "இன்னும் குடிம்மா, வெயில்ல வந்திருக்கே" என்றார். அம்சவல்லிக்கு ஏமாற்றமாக இருந்ததோ என்னவோ, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பில் பூர்ணிமா டீச்சர் எழுந்து வந்து எழில்மொழியின் தலையைத் தடவினார். காய்ச்சல் என்றுதான் அவருக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அம்சவல்லி சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தண்ணி குடிக்க வேணாம்னு சொன்னதே இல்லைங்க. பாட்டில் கொண்டுவரச் சொல்றதே நான்தான்."

அம்சவல்லி அவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள். குடமுருட்டி அணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருத்தி மேசையிலும் பாட்டில், ஒவ்வொன்றும் கழுத்து வரை நிறைந்திருந்தது. அதில் சபிஹா என்கிற ஒல்லிப் பெண் முழங்காலை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு நெளிந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முறைத்தாள். சபிஹா நெளிவதை நிறுத்தினாள்.

"நீ போயிட்டு வாம்மா" என்றாள் அம்சவல்லி.

சபிஹா டீச்சரைப் பார்க்கவில்லை, எழில்மொழியைப் பார்த்தாள்.

"இந்த அணிக்குத் தலைவி யாருங்க?" என்று அம்சவல்லி கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்க பொண்ணுதாங்க. புள்ளைங்களா சேர்ந்து தேர்ந்தெடுத்தாங்க. எல்லா அணியையும்விட இவங்கதான் ஒழுங்கு" என்றார் டீச்சர்.

சபிஹா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இடைவேளையில் கழிப்பறையில் கூட்டம். வரிசையில் நின்றால் மணி அடித்துவிடும், தாமதமாக வந்தால் நட்சத்திரம் குறையும். பாடத்தின்போது கேட்டாலும் குறையும். அதனால் எழில்மொழி ஒரு வழி கண்டுபிடித்தாளாம். காலையில் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. பாட்டிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று அவளே பார்ப்பாளாம். குறைந்திருந்தால் அன்றைக்கு முழுக்க யாரும் அந்தப் பிள்ளையோடு பேசக் கூடாது. தான் வைத்த சட்டப்படி எழில்மொழியும் குடிக்கவில்லை.

டீச்சர் அட்டையை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சபிஹாவைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பினார்.

அம்சவல்லி மகள் முன்னால் குனிந்தாள். "யாரு கத்துக் குடுத்தா ஒனக்கு இதை?"

எழில்மொழி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பயம் இல்லை. ஏன் இதைப் போய்க் கேட்கிறாய் என்பது போல இருந்தது முகம்.

"நீதாம்மா. நடவுக்குப் போறப்ப எல்லார்கிட்டயும் சொல்லுவியே. லீவுல நான் நாத்து முடி தூக்கிக் குடுக்க வந்தேனே, அப்ப பாத்தேன். காலையில டீயோட நிறுத்திக்கணும், ஒதுங்கணும்னு அடிக்கடி கரையேறுனா நம்ம கொத்துக்கு அடுத்த வயலு வராது, நடவு மெஷின்தான் வரும்னு சொன்னியே. விஜயலட்சுமி அத்தை ஏறுனதுக்கு யாரும் அன்னிக்கு அவங்ககூடப் பேசல."

எனக்கு இது தெரியாது. நான் நடவுக்குப் போகிறவள் இல்லை. கொத்தாகச் சேர்ந்து இத்தனை வயல் என்று பேசி நடுகிறார்கள், ஒருத்தி கரையேறினால் அவள் விட்ட வரிசையை மற்றவர்கள் நடவேண்டும் என்ற அளவுக்குத்தான் தெரியும். அம்சவல்லி மகள் கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பிள்ளை டீச்சரைப் பார்த்தது, அணியைப் பார்த்தது, பிறகு குடித்தது.

டி.சி. பேச்சை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் சிங்காரவேலுவின் மேட்டு வயலில் நடவு. அங்கே நடந்ததை அம்சவல்லியே எனக்குச் சொன்னாள், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வெயில் ஏறியதும் குடத்தை வரப்பில் வைத்துவிட்டு, "யாருக்குத் தண்ணி வேணுமோ வந்து குடிங்கடி. போகணும்னா போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாளாம். குனிந்திருந்த ஒரு முதுகும் நிமிரவில்லை. கைகள் இன்னும் வேகமாக நட்டன. இரண்டாம் முறையும் சொன்னாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

விஜயலட்சுமிதான் குனிந்தபடியே கேட்டாள்.

"என்னா அம்சு, எங்களைக் கழிச்சு விடப் போறியா? யாரு ஏறுறான்னு பாத்து ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாரா வயக்காரரு?"

"அதெல்லாம் இல்லடி. அடக்கி வச்சா உடம்புக்கு ஆவாதாம். டாக்டரம்மா சொன்னாங்க."

விஜயலட்சுமி அப்போதுதான் நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு எரிய ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஆவுது. ஒங்கிட்டயே சொல்லியிருக்கேன். ஒம் பொண்ணுக்கு எரிஞ்ச அப்பறம்தான் ஒனக்குக் காது கேட்டுதா?"

அம்சவல்லி வரப்பில் ஏறி எல்லோரும் பார்க்க ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, வாய்க்கால் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டு வந்தாளாம். திரும்பி வந்து தன் வரிசையில் இறங்கியபோதும் யாரும் அசையவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தக் குடத்தில் வேறு யாரும் கை வைக்கவில்லை.