சாவு வீட்டில் பேசிய பெட்டி

குற்றாலம் ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்காவது கை ஒடிந்தால், யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், டிரைவர் சிவனணைந்தபெருமாள் தோள் துண்டை எடுத்துவிடுவார். அதை ஏந்தி, இன்னொரு துண்டால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வசூலுக்குப் போவார். டிரைவர்கள் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து எடுக்க வேண்டும். யார் என்ன போட்டார்கள் என்று அவருக்கே தெரியாது. சீசன் இல்லாத மாதங்களில் பாதிப் பேர் வெறுங்கையைத்தான் விட்டெடுத்தார்கள்.

"ஒண்ணும் இல்லாட்டியும் கைய விடுலே. ஒதுங்கிப் போனாத்தான் எனக்குக் கோவம் வரும்" என்பார்.

அவரே நெஞ்சுவலியில் போய்விட்டார். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராக இருக்கும் மகள் சத்யபிரியா மேலகரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உடல் ஃப்ரீசரில் இருந்தது. வாசலில் ஸ்டாண்டுச் செயலாளர் ஜெபசிங் மேஜை போட்டிருந்தார். அதன்மேல் கியூஆர் அட்டை. பக்கத்தில், கடைகளில் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி.

"ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது."

மாலையோடு நின்றவர்கள் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து நூறு. ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அம்மாவின் தோள் துள்ளியது.

அப்பாவின் வண்டிக்கு அடுத்த வண்டி மணிமுத்துவுடையது. அவர் வாசல்வரை வந்தார். பெட்டி பேசியது. திரும்பித் தெருமுனைக்கே போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உடலை எடுத்துவிடுவார்கள். சத்யபிரியா அவரிடம் போனாள்.

"ஏன் சித்தப்பா இங்கனயே நிக்கிய?"

"வண்டிக்கு டியூ கட்டிட்டேன் மக்கா. கையில ஒண்ணுமில்ல. அங்கன அந்தப் பொட்டி ஊரக் கூட்டுது. கொண்டுபோகையில இங்கனருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

அவள் நேரே மேஜைக்கு வந்து பெட்டியைத் தூக்கினாள்.

"ஏ பாப்பா, என்ன செய்யுத? நாளைக்கு ஜெபசிங் பணத்த அமுக்கிட்டான்னு சொல்லுவானுவ" என்று எழுந்தார் ஜெபசிங்.

"சொல்லட்டும் அண்ணாச்சி."

"ஒங்கப்பாவுக்குத்தான வசூல் பண்ணுதோம்."

"எங்களுக்கு வேண்டாம். வாங்கினத திருப்பிக் குடுத்துருங்க."

"நல்லாருக்கே. ஆஸ்பத்திரி பாக்கிய யாரு கட்டுவா?"

"நான் கட்டுதேன்."

வயரைப் பிடுங்கினாலும் பேட்டரியில் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விளக்கு அணைந்தது. தெருமுனையைப் பார்த்துக் கையசைத்தாள்.

மணிமுத்து வந்தார். ஃப்ரீசர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் குனிந்தார்.

"சவரம் பண்ணி விட்டிருக்கலாம்லா மக்கா" என்றார்.

வாசலில் ஜெபசிங் அடுத்து வந்தவரை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்துட்டு வந்து பணத்த என் நம்பருக்கே போட்டிரு. போட்டதும் போனக் காட்டிட்டுப் போ."